பாஞ்சாலை வைத்த மூங்கில் வரிசை

அடி அண்ணாமலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பாஞ்சாலையைத் தெரியாதவர் கிடையாது. என் பெண்டாட்டிதான். நான் சக்திவேல், கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஊரில் எனக்கு இப்போது பெயரே ‘பாஞ்சாலை வீட்டுக்காரர்’. சொல்லட்டுமே, எனக்கென்ன குறைச்சல்!

நான்கு வருஷத்துக்கு முன்னால் வேங்கிக்காலில் ஏதோ மரம் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்தவள், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்ட கொல்லையில் தேக்கும் வேங்கையும் நட்டாள். மேற்கு ஓரம் நெடுக மூங்கில். மூங்கில் வேர் தேக்கின் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாதே, அதனால் நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அதைத் தாண்டி வருகிற வேரையெல்லாம் வருஷா வருஷம் தானே வெட்டுவாள்.

என் அண்ணன் பரசுராமனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவனும் பக்கத்துக் கொல்லையில் வெறும் தேக்காக நட்டிருந்தான்.

“பாடை கட்டற மூங்கில எவனாச்சும் சொந்தக் கொல்லையில வைப்பானாடா? அது தேக்கையும் தின்னுடும், உன்னையும் தின்னுடும்.”

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன வருஷம் ஆனிக் கடைசியில் பாஞ்சாலை தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று ஊருக்குப் போயிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துப் பாதி மூங்கிலை வெட்டிச் சாய்த்தேன். புத்தி கெட்டவன்!

அவள் திரும்புவதற்குள் ஆடிக் காற்று வந்துவிட்டது. வெட்டிய பக்கத்தில் இருபத்திரண்டு தேக்கு சாய்ந்து கிடந்தது. மூங்கில் இருந்த பக்கம் ஒன்றுகூடச் சாயவில்லை. அண்ணன் கொல்லையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராகக் கொல்லைக்கு வந்தாள்.

“மேக்கால வர்ற காத்தத் தடுக்கத்தான்யா அத வெச்சேன். ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அழுவறத அப்பறம் வெச்சுக்கலாம். நீ வெட்டிப் போட்ட மூங்கில எடுத்துக்கிட்டு வாயா, முட்டுக் குடுக்கலாம்.”

அவள் மரத்தை நிமிர்த்திப் பிடிக்க, நான் முட்டுக் கொடுத்துக் கயிறு கட்டினேன். இரண்டு நாள். இருபது மரம் பிழைத்தது. போன இரண்டும் என் பாவம்.

இந்த ஆனியில் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“பாஞ்சால, என் கொல்லைக்கும் மேற்கால வைக்க மூங்கில் கன்னு குடும்மா.”

“தரேன் மாமா. மொதல்ல பள்ளம் தோண்டுங்க, வந்து பாக்கறேன்.”