எடுத்தவர் பேசும் போன்

அந்த அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார்கள் உறுமும் அறைச் சுவரில் ஒரு போன் உண்டு. மணி அடித்தால் அந்த ஷிப்டில் இருப்பவர் எடுப்பார். அது யாருடைய போனும் அல்ல, அறையின் போன். லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குத் தலை நரைத்ததே அந்த வழக்கத்தோடுதான்.

மனைவி போனபின் அவள் போனையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவரிடம் இருந்தது பட்டன் போன், பேசத்தான் ஆகும். அவளுடையதில் அவள் பிறந்த வீட்டார் எல்லோரும் மகளும் சேர்ந்த குடும்பக் குழு இருந்தது. வருவதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்து வீடு வெறிச்சோடியதும், இனி தாம்தான் அதைக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தார். ஒரு ஞாயிறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தேடி, "எல்லாரும் சௌக்கியமா?" என்று போட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. குழந்தைகளின் படங்களும் கேலியுமாகக் கலகலத்த குழு, கரண்ட் போன லிஃப்ட் மாதிரி அப்படியே நின்றுவிட்டது. அவள் இருந்தவரைதான் நமக்கு மரியாதை போலிருக்கிறது என்று சுருக்கென்றது. விட மனம் வரவில்லை. "ஏன் யாரும் பேசலை? நான் இங்க தனியாத்தான் இருக்கேன். யாராவது வந்து பாருங்க" என்று எழுதினார்.

கொஞ்ச நேரத்தில், மகள் குழுவை விட்டு வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள். அவளும் கைவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அதே போனில் அவளுக்குத் தனியாக எழுதினார்: "என் மேல என்ன கோபம்? பதில் சொல்லு."

பதில் வரவில்லை. சாயங்காலம் கொழுந்தியாளும் அவள் கணவரும் வந்தார்கள். கொழுந்தியாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்து தண்ணீர் கேட்டாள்.

"அக்கா போனப்பவே எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. மிச்சத்தை இன்னிக்கு நீங்க எடுத்துட்டீங்க, அத்தான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சகலை தன் போனை நீட்டினார். திரையில் வட்டத்துக்குள் அவருடைய மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பெயர். அதன் கீழே, நான் இங்க தனியாத்தான் இருக்கேன். யாராவது வந்து பாருங்க.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதுல யார் எழுதினாலும் அக்கா பேர்லதான் போகும், அண்ணா" என்றார் சகலை.

"இதெல்லாம் செய்யக்கூடாதுன்னு யாருமே எனக்குச் சொல்லலையே."

"யாரும் சொல்ல மாட்டாங்க அத்தான்" என்றாள் கொழுந்தியாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டார். பல தடவை அடித்த பிறகு எடுத்தாள். நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். நீங்கதான்னு அப்புறம் புரிஞ்சுதுப்பா, ஆனா அந்த நிமிஷம் அம்மாவே கூப்பிடற மாதிரி இருந்துச்சு, அதான் வெளியே வந்துட்டேன் என்றாள். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"குழுவில போட்டது பரவாயில்லப்பா" என்றாள் பிறகு. "எனக்குத் தனியா எழுதினீங்கல்ல. அம்மா அதுல கடைசியா எழுதினது, மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோன்னு. அதுக்குக் கீழ ஒண்ணும் வராம வச்சிருந்தேன். தினமும் திறந்து பார்ப்பேன்."

அவர் சகலையிடம் திரும்பி, மகளுக்கு எழுதியதை மட்டும் அழிக்க முடியுமா என்று கேட்டார்.

"அழிக்கலாம். ஆனா ஏதோ அழிச்சாங்கன்னு அந்த இடத்துல ஒரு வரி நிக்கும்."

அது மகளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்பா" என்றாள். "நீங்க எழுதினதே இருக்கட்டும்."

அவள் வைத்துவிட்டாள் என்பது தெரியாமல் அவர் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.