பிறந்தநாள் பிளெக்ஸில் என் நம்பர்

மதுரையில் பிளெக்ஸ் வைக்காமல் ஒருத்தனுக்குப் பிறந்தநாள் முடியாது. எனக்கும் வைத்தார்கள். வேலை கிடைத்து, முதல் கிரெடிட் கார்டு வாங்கிய வருடம். கே.கே. நகர் திருப்பத்தில், கூலிங் கிளாஸோடு ஆளுயரத்துக்கு நான். பக்கத்தில் அப்பாவின் முழுப்பெயர், சொந்த ஊர் திருவாதவூர், பிறந்த தேதி, பட்டம். அடியில், வாழ்த்துச் சொல்வதற்கு என்று என் மொபைல் நம்பர்.

“நம்பரு எதுக்குடா?” என்றேன், பிளெக்ஸ் வைத்த நண்பனிடம்.

“பொண்ணுக கூப்பிடும் மாப்ள. இம்புட்டு செலவழிச்சிருக்கோம், ஒண்ணாச்சும் சிக்காதா?”

எவளும் கூப்பிடவில்லை. ரெண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டது ஒருத்தன். கார்டு கம்பெனியில் இருந்து பேசுவதாகச் சொல்லி, என் பிறந்த தேதி, அப்பா பெயர், ஊர் எல்லாம் தப்பில்லாமல் ஒப்பித்தான். நிஜ ஆள்தான் என்று நினைத்துக் கார்டின் நம்பரைச் சொல்லிவிட்டேன். ஓடிபி மட்டும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் ஏமாற நான் என்ன கேனையா?

அடுத்த ஞாயிறு அந்த நண்பனும் நானும் அழகர்கோவில் போனோம். சாமி கும்பிட்டு வெளியே வந்தால் என் போனில் டவர் இல்லை.

“மலையடிவாரம்ல, அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

“எனக்கு ஃபுல்லா இருக்கே. உன் போனைக் கொரங்குகிட்ட குடு, சரி பண்ணித் தரும்” என்று சிரித்துக்கொண்டே என் நம்பருக்கு அடித்தான்.

சிரிப்பு நின்றது.

“மாப்ள, ரிங் போகுதுடா.”

என் போன் என் கையில்தான் இருந்தது. சத்தமே இல்லை. என் நம்பருக்கு வேறு எவனோ டூப்ளிகேட் சிம் வாங்கி, என் சிம்மைச் சாகடித்திருக்கிறான். இனி ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும். நண்பன் போனைப் பிடுங்கிக் கார்டு கம்பெனிக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“மேடம், என் கார்டை உடனே நிப்பாட்டுங்க.”

பெயர் கேட்டாள், சொன்னேன். பிறந்த தேதி, சொன்னேன். அப்பா பெயர், சொன்னேன்.

“முகவரி சொல்லுங்க சார்.”

கே.கே. நகர் வீட்டைச் சொன்னேன்.

“தப்பா இருக்கே சார்.”

“நான் பொறந்ததுல இருந்து அந்த வீட்லதான் மேடம் இருக்கேன்!”

“கஸ்டமர் இன்னைக்குக் காலைலதான் முகவரி மாத்திருக்காரு. அவரோட நம்பர்ல இருந்தே பேசினாரு. நீங்க வேற நம்பர்ல இருந்து பேசுறீங்க. நீங்க யாரு சார்?”

நான்தான் நான் என்று எதைச் சொல்லி நிரூபிப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திருப்பத்தில் ரெண்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் போனை வைத்துவிட்டாள். கார்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“வண்டியை எட்றா, போலீஸ்ட்ட போவோம்” என்றேன்.

அவன் சாவியைத் தேடும்போது, என் கையில் இருந்த அவன் போன் அடித்தது. திரையில் ‘மாப்ள’ என்று என் நம்பர், கூலிங் கிளாஸோடு என் படம். நாங்கள் விட்ட மிஸ்டு காலுக்கு, என் சிம்மை வாங்கியவன் திருப்பி அடிக்கிறான்.

“எடுக்காதடா” என்றான் நண்பன்.

கடைசி ரிங் வரை அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.