சேலை கார்டு வைத்த வண்டி

எங்கள் சித்தப்பா வண்டி மாற்றும்போதெல்லாம் பின்சீட்டு கொஞ்சம் சுருங்கும். அதை நான் முன்னேற்றம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது எனக்கு ஏழெட்டு வயது. தாராவியில் ஒரே கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. கீழே நாங்கள், மேலே பலகைத் தட்டடித்த அறையில் சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். சித்தி மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்கு டோக்கன் சீட்டு எழுதிக் கொடுக்கப் போனாள். தினமும் காலையில் அவளைக் கொண்டு விடுவது சித்தப்பாதான். போகிற வழியில் சயானில் எனக்குப் பள்ளிக்கூடம், அதனால் நானும் பெட்ரோல் டேங்க் மேல் ஏறிக்கொள்வேன்.

முதல் வண்டி அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. பெஞ்சு மாதிரி நீளமான சீட்டு, பின்னால் கேரியர், சக்கரத்தை மூடி ஒரு கம்பிவலை. அதைச் சேலை கார்டு என்பார்கள். சித்தி ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் தோளில் ஒரு கையை வைத்து உட்காருவாள். சிக்னலில் நிற்கும்போது காய்கறி விலைகூட விசாரிப்பாள். அந்த வண்டியைப் பார்க்கவே சித்தப்பாவுக்கு அவமானமாக இருந்தது. பால்காரன் வண்டி என்பார்.

அடுத்து வந்தது நூற்றைம்பது சிசி. முன்னால் பாதி உடம்புக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்ட வண்டி. சீட்டு இரண்டாகப் பிரிந்து, பின்னால் இருப்பது ஒரு படி மேலே ஏறியிருந்தது. ஷோரூமில் மாட்டிக் கொடுத்த சேலை கார்டை, வீட்டுக்கு வந்த அன்றே ஸ்பேனர் வாங்கிவந்து கழற்றினார்.

"ஏன்டே, அதை எதுக்குக் களத்துத? வண்டின்னா நாலு சாமான் ஏறணும், வீட்டு ஆளு ஏறணும்" என்றார் அப்பா.

"லுக்கையே கெடுக்குதுண்ணே. இது ஓட்டுததுக்கு உள்ள வண்டி, லோடு அடிக்கதுக்கு இல்ல."

அழகு சோறு போடுமா என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கோ அந்த வண்டியைப் போல அழகானது தாராவியிலேயே கிடையாது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் வழுக்குகிறது என்று சித்தி சேலையை விட்டு சுடிதாருக்கு மாறினாள். முதல்நாள் இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறியபோது, "ஏட்டி, ஜான்சி ராணி கணக்கால்லா இருக்க" என்று அம்மா கேலி செய்தாள். சித்திக்கும் சிரிப்புத்தான். அதுதான் அவள் அந்த வண்டியில் சிரித்து நான் பார்த்தது.

மழை விட்ட ஒரு காலையில் அவளுடைய துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கியது. நெரிசலில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு சத்தம். வண்டி ஆடிச் சாய, நானும் சித்தப்பாவும் ரோட்டில் உருண்டோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சித்தி மல்லாந்து கிடந்தாள். கழுத்தில் துப்பட்டா இறுகியிருந்தது. சித்தப்பா எழுந்து வண்டியை நிமிர்த்தினார். ஸ்டாண்டு போட்டார். குனிந்து, பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் விழுந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அதற்குள் பிளாட்பாரத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த மராத்திக்காரம்மா ஓடிவந்து, கீரைக்கட்டு அறுக்கும் கத்தியால் துப்பட்டாவை அறுத்துவிட்டாள். சித்தி இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, சித்தப்பா தடவிய அந்த இடத்தையே பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். நீலப் பெயிண்ட் அவ்வளவு நீளத்துக்குப் போயிருந்தது.

விழுந்ததில் சித்தியின் தாடையில் போட்ட தையல் பிரிக்கும் முன்பே சித்தப்பா அந்த வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். கோடு விழுந்த வண்டி ராசியில்லையாம். அதற்குப் பதிலாக வந்தது அதே கம்பெனியின் அடுத்த மாடல். கழுத்திலிருந்து கால்வரை மூடிய உடம்பு, குனிந்து படுத்து ஓட்டுகிற ஹேண்டில், தேளைப் போல் தூக்கிய வால். பின்சீட்டு என்று சொல்ல அதில் ஒரு சின்ன இட்லித்தட்டு அளவுக்கு மெத்தை. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "மஸ்த் காடி ஹை, சாச்சா!" என்று ஒருவன் இந்தியில் வண்டியைப் புகழ்ந்து கூவ, சித்தப்பா ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினார். நான் கைதட்டினேன். சித்தி வாசலில் நின்று அந்த மெத்தையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிப்பதும் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பதும் அதன் வேலை. பெண்களைக் கூப்பிடுகிற வழக்கமில்லை. சித்தி விஷயத்துக்குக் கூடியபோது அவளுக்காக அவள் அண்ணன் வந்திருந்தார். நான் அப்பா மடியில் இருந்தேன். பெரியவர்கள் அரைக் கிளாஸ் கட்டிங் சாயா குடித்துக்கொண்டே வண்டியைப் பற்றிப் பேசினார்கள். மைலேஜ் எவ்வளவு, இந்த ஹேண்டிலுக்கு முதுகு தாங்குமா, பொம்பளையாள் உட்கார இடமில்லாத வண்டியைக் குடும்பஸ்தன் வாங்கலாமா என்று ஒருமணி நேரம் போனது. சித்தியின் கழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பிரச்சன வண்டிதான? அதை வித்துட்டு, சேலை கார்டு வச்ச வண்டியா வாங்குடே. அதுலயே போயி அந்தப் பிள்ளயக் கூட்டிட்டு வா. சோலி முடிஞ்சுது."

எல்லோருக்கும் திருப்தி. சித்தப்பாவும் ஊர்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டார். நீளச் சீட்டு, கேரியர், பளபளவென்று சேலை கார்டு எல்லாம் வைத்த புது நூறு சிசி வந்தது. அதில் சித்தியை அழைத்துவர நானும் டேங்க் மேல் ஏறிச் செம்பூருக்குப் போனேன். இனி எல்லாம் சரி என்று எனக்கு ஒரே உற்சாகம்.

சித்தி பில்டிங் கேட்டுக்கு வெளியே வந்தாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு. இதை வாங்கணும்னு ஒங்களுக்காத் தோணுச்சா, சங்கத்துல சொன்னதுக்கா?"

"எதுக்கு வாங்குனா என்ன? ஒனக்காகத்தான வாங்கிருக்கேன். ஏறு."

"அன்னைக்கு நான் கழுத்து இறுகிக் கெடந்தேன். நீங்க வண்டியத் தூக்கி நிறுத்துனிய. வண்டிய எத்தன மாத்துனியளோ, அந்த ஆளோட மாடலத்தான் நீங்க மாத்தல" என்றாள் சித்தி. குரலை உயர்த்தவில்லை. "நான் வரல. பிள்ளையப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க."

சித்தப்பா சாவியைத் திருகினார். சித்தி கேட்டுக்குள் போய்விட்டாள். எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. கேட்டது எல்லாம் வாங்கிக் கொடுத்தும் முறுக்கிக்கொள்கிறாளே என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் சித்தப்பா பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஒதுங்கினார். ஸ்பீட்பிரேக்கர் வரும் முன்பே வேகத்தைக் குறைத்தார். வளைவுகளில் அடிக்கடி திரும்பிக் காலியான பின்சீட்டைப் பார்த்தார். சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போனார்கள். "வேகமாப் போங்க சித்தப்பா" என்று வழியெல்லாம் கத்தினேன். அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய், சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டவே மறந்துபோச்சு என்று சொல்லிச் சிரித்தேன்.