பார்லி புளித்த ஞாயிற்றுக்கிழமை

டிக்கெட் வாங்கிக்கொண்டு டிஸ்டிலரியைச் சுற்றிப் பார்க்கிற காலம் வந்துவிட்டது, கேட்டீர்களா! போன மாதம் மகள் என்னையும் அவள் அப்பாவையும் விடாப்பிடியாக லிங்கராஜபுரம் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது அங்கே விஸ்கி காய்ச்சுவதில்லை, வேடிக்கை காட்டுகிறார்கள். செம்பு அண்டா, மரப்பீப்பாய் எல்லாம் காட்டிவிட்டு, கழுத்தில் மைக் மாட்டிய பையன் ஒரு ஜாடியின் மூடியைத் திறந்தான். ஊறிப் புளித்த பார்லி. "என்ன வாசனை வருது, சொல்லுங்க பாக்கலாம்" என்றான். ஒருவர் தேன் என்றார், ஒருவர் வாழைப்பழம் என்றார். நான், "எங்க வீட்டு ஹால்" என்றேன். என் கணவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். அவருக்குத்தானே தெரியும்!

அந்த டிஸ்டிலரி மதிலுக்குப் பின்னால்தான் நான் வளர்ந்த வீடு. அப்பாவுக்கு உள்ளே பாய்லரில் வேலை. துவைத்த துணி, தலையணை, என் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறியிருக்கும். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. டீச்சர் வேலைக்குப் போன முதல் நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று பரிவோடு விசாரித்தது தனிக் கதை.

அந்தச் சமயத்தில்தான் ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் ஒரு கல்யாணம். கொயரில் பாடிய ஒருவர்மேல் எனக்கு மனசு போய்விட்டது. பாட்டு சுமார்தான், ஆள் பரவாயில்லை. அவர் வீட்டிலிருந்தே பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே சிக்கல், அவருடைய அம்மா அவர்கள் சர்ச்சில் மதுவிலக்குச் சங்கத் தலைவி. குடிப்பவன் தெருவில் போனாலே ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபம் பண்ணுவாராம். அதனால் நடுவில் பேசிய பாஸ்டரின் மனைவி, என் அப்பாவுக்குக் 'கம்பெனி வேலை' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பின் சந்து வழியாக வரச் சொன்னார். அன்றைக்கு லாரி வராது, சங்கு ஊதாது. ஆனால் தொட்டியில் புளிக்கிற பார்லிக்கு யார் லீவு கொடுப்பது? மத்தியான வெயிலில் அது பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மூக்குதான் எப்போதோ செத்துப்போன மூக்காயிற்றே, ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சங்கத் தலைவி அம்மாள் மகனோடு வந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். என் அம்மா காபித் தட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஆப்ப மாவுதானே? எவ்ளோ நல்லா பொங்கியிருக்கு!"

"ஆமாங்க, ஆப்பந்தான்" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

"சொல்ப காட்டுங்க, கொஞ்சம் பாக்கறேன். எனக்கு இந்த மாதிரி வரவே மாட்டேங்குது" என்று அவர் எழுந்து சமையலறைப் பக்கம் நடந்துவிட்டார்.

அங்கே மாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அப்பா சுவரைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு. எப்படியும் போகத்தான் போகிறது, உண்மையைச் சொல்லியாவது போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அது மாவு இல்ல ஆன்ட்டி. பின்னாடி விஸ்கி ஃபேக்டரி. அப்பா அங்கதான் வேலை பாக்கறாரு."

அந்த அம்மாள் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "நீங்க குடிப்பீங்களா?"

"ஐயோ, ஒரு சொட்டு தொட்டதில்லீங்க."

பிறகு மகனிடம், "உனக்குப் பொண்ண புடிச்சிருக்காடா?"

"புடிச்சிருக்கும்மா" என்றார் அவர், காபி டம்ளரிடம்.

அந்த அம்மாள் மறுபடி ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்தார். "குடிக்கறதுதான் பாவம். மோந்து பாக்கறது பாவம்னு வேதத்துல எங்கயும் போடல" என்று சொல்லி, ஜன்னலோர நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. சர்ச் விட்டதும் தொம்மலூர் வீட்டுக்குத் திரும்பாமல் எங்களையும் இழுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார். "சம்பந்தியம்மாவப் பாத்து நாளாச்சு" என்பார். போன வாரம்தான் பார்த்திருப்பார். நேரே ஜன்னலோர நாற்காலி. சங்கத்துப் பெண்களிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

பிறகு காய்ச்சுகிற வேலையையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அந்த ஞாயிறு அத்தை ஜன்னலோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் வரலியே" என்றார். "இனிமே வராதுங்க" என்றார் அப்பா. அத்தையும் இனி வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தார். நாற்காலியை மட்டும் என் அம்மா பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் ஃபிளாட். அம்மா, அப்பா, அத்தை மூவருமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் என் கணவரும் நானும் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறோம். அப்புறம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.