தலைப்புச் செய்தியின் அம்மா

என் தையல் கடையை ஒட்டி கைப்பேசிக் கடை வைத்திருந்தவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் தலைப்புச் செய்தி. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். எந்தக் கம்பெனி எதை விழுங்கியது, எதற்கு வரி ஏறுகிறது, எந்தப் படம் தியேட்டருக்கு வராமல் நேரே போனுக்கு வரப்போகிறது, எல்லாம் அவர் வாயால் கேட்டாக வேண்டும். "இதெல்லாம் நமக்கு எதுக்குண்ணே?" என்று ஊசியில் நூல் கோத்தபடியே கேட்பேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. எங்கயோ ஒருத்தன் கையெழுத்துப் போட்டா உன் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்து நிக்கும்" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது, குரல் அப்படி.

பழைய நெட்வொர்க்கை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பெனிக்கு அதில் லாபம் இல்லையாம், அரசாங்கமும் சரி என்று தலையாட்டிவிட்டதாம். பொத்தான் வைத்த பழைய போன்களெல்லாம் ஒரே நாளில் வெறும் டப்பா ஆகிவிடும். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நல்ல காசும் பார்த்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இஸ்திரி போடும் அக்காவுக்கு லாபமே வைக்காமல் புதுப் போன் கொடுத்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஒரு கட்டில். அம்மா மட்டும் நாலு தெரு தள்ளிப் பழைய வீட்டில் தனியாக இருந்தார். மகனோடு வந்து இருக்கச் சொன்னால், "உன் கடையில மனுஷன் படுப்பானா?" என்பார். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி, பார்வையும் மங்கல், போன் பிடிபடவே இல்லை. அதனால் கழுத்தில் தொங்கவிட ஒரு பொத்தான் வாங்கிக் கொடுத்திருந்தார் மகன். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அழுத்தினால் போதும், மகன் போன் அடிக்கும். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து அழுத்தினார். வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார் மகன்.

நெட்வொர்க் நின்ற அன்று அவர் கடையில் எள் விழ இடமில்லை. கடைசி நாள்வரை இழுத்தடித்தவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வந்தார்கள். ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டே புது சிம் போட்டுக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு அப்படியே இருந்தது. சாயங்காலம் நான் அந்த அம்மாவுக்குத் தைத்திருந்த நைட்டியை எடுத்துக்கொண்டு அவரோடேயே கிளம்பினேன்.

கதவைத் தட்டினோம். திறக்கவில்லை. தன்னிடம் இருந்த சாவியால் திறந்தார். அம்மா சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். காலையில் விழுந்திருக்கிறார், காப்பி வைத்த பாத்திரம் அடுப்பில் கருகிப்போயிருந்தது. இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அப்போதும் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு அழுத்துக்கும் அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

மகன் தன் போனை எடுத்துப் பார்த்தார். அது சும்மா கிடந்தது. பொத்தானைக் கையில் வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். அவர் முகம் செத்துவிட்டது. அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது, அதுவும் அதே பழைய நெட்வொர்க். போனாக இருந்தால் முதல் ஆளாக மாற்றியிருப்பார். போன் இல்லையே, தோன்றவே இல்லை. கம்பெனி விளம்பரத்திலும் போனை மாற்றுங்கள் என்றுதான் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்த அம்மா எந்த மூலைக்கு?

ஆஸ்பத்திரியில் அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "அவன யாரும் ஏதும் சொல்லிடாதீங்கப்பா. இன்னைக்குக் கடையில கூட்டம்னு நேத்தே சொன்னான். நான்தான் நேரங்காலம் தெரியாம அழுத்திட்டு இருந்திருக்கேன்."

மகன் வாசலில் நின்று கேட்டுவிட்டார். கையிலிருந்த மருந்துப் பையைக் கட்டிலில் போட்டார்.

"அம்மா, எனக்கு மணி அடிக்கவே இல்லம்மா. அந்த நெட்வொர்க்கையே நிறுத்திட்டாங்க. எனக்கு வரவே இல்ல."

"சரி கண்ணா."

"சரி இல்லம்மா. நம்பும்மா. அடிச்சிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

"விளக்கு எரிஞ்சுதேப்பா. நான் பார்த்துட்டேதானே அழுத்தினேன்." அந்த அம்மா அவர் கன்னத்தைத் தடவினார். "இருக்கட்டும். வியாபாரத்த விட்டுட்டு ஓடிவர முடியுமா? எனக்கு ஒண்ணும் கோபமில்ல."

ஊருக்கே புரியவைத்தவரால் பெற்ற அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. நானும் எடுத்துச் சொன்னேன். நண்பனுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்து, அந்த அம்மா என்னைப் பார்த்தும் சிரித்தார். காய்ச்சல் ஏறி மறுநாளே கண்ணை மூடிவிட்டார். கூப்பிட்டும் வராத மகனை மன்னித்துவிட்டுத்தான் போனார்.

இப்போதும் கடை திறக்கிறார். செய்தி சொல்வதில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு அடிக்கவே இல்ல தம்பி" என்பார்.

"தெரியும்ணே. நான் நம்புறேன்."

"நீ நம்பி என்ன பண்றது?" என்பார்.