சோடாக் கடையைப் பற்றி நாலு வரி

பாம்பனில் இருந்த எங்கள் சோடாக் கடையைப் பற்றிப் பத்திரிகையில் ஒரே ஒரு முறை செய்தி வந்தது. அது வர வேண்டும் என்று இரண்டு வருஷம் பாடுபட்டோம். வந்த பிறகு, வராமலே போயிருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத நாள் இல்லை.

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் கடல் வேலையை விட்டுவிட்டு, மதுரையிலிருந்து பழைய சோடா மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் சுற்றுவார், நான் பாட்டில் கழுவுவேன். சோடா நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ராமேஸ்வரத்துக்கு ரயிலில் வருகிறவர்கள் கேள்விப்பட்ட கம்பெனிச் சோடாவையே கேட்டார்கள்.

"பேப்பர்ல ஒருதரம் நம்ம கடை வந்துருச்சுன்னா போதும். ஆளுக தேடி வந்து குடிப்பாக" என்பார்.

முதலில் மதுரைப் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு பெட்டி சோடாவை ரயிலில் அனுப்பினார். காலிப் பாட்டில்கள் திரும்பி வந்தன, கடிதம் வரவில்லை. பிறகு கூட்டாளி ஒருவரின் வள்ளத்துப் பாயில் பெரிய சோடாப் பாட்டில் படம் எழுதி, பாலத்தில் ரயில் போகும் நேரம் பார்த்து ஓட்டச் சொன்னார். ரயிலில் இருந்தவர்கள் கையாட்டினார்கள். அதோடு சரி.

அந்தப் பத்திரிகைக்கு ராமநாதபுரத்தில் ஒரு நிருபர் இருந்தார். பேப்பர் ஏஜெண்டும் அவரே. நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார்.

"பாயில எழுதுனா அது விளம்பரம்மா. சோடா நல்லா இருக்குன்னு சொன்னா அதுவும் விளம்பரந்தான். ஏதாவது நடக்கணும். நடந்தா நான் எழுதுறேன்."

திரும்பி வரும்போது ரயிலில் என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் சொன்னேன். "மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்டி வைப்போம். யாரு நெறையச் சோடா குடிக்கிறாகன்னு. நிருபரையும் கூப்பிடுவோம்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்த யோசனை என்னுடையது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

திருவிழா அன்று பூசை முடிந்து, கரையில் பெஞ்சு போட்டுப் பாட்டில்களை அடுக்கினோம். ஜெயிக்கிறவருக்குப் புது வேட்டி. நிருபர் சொன்னபடி வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து பேர் குடிக்க வந்தார்கள். அதில் ஒருவர் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர், வலைக்குப் போகிறவர். சிரித்த முகம். அவர் பெண்சாதி கைக்குழந்தையோடு முன்னால் நின்றாள்.

மற்றவர்கள் ஆறு ஏழோடு நிறுத்திவிட்டார்கள். அவர் ஒன்பதாவது பாட்டிலை வாயில் வைத்தார்.

"போதும்ண்ணே, நீங்கதான் ஜெயிச்சுட்டீக" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரவுண்டாப் பத்து குடிச்சுட்டு வாரேன், இரு" என்றார் அவர். குடித்தார். வேட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பத்தடி நடந்தவர் மணலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தார். "கரிக்குது" என்றார். வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வாந்தியும் எடுத்தார். சரியாகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். அப்போது பாலத்தைக் கடக்க ரயிலை விட்டால் வழி கிடையாது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்திலேயே அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுக்கோளாறு இருந்திருக்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். சோடாவால்தானா என்று கேட்டதற்கு, ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. நாலு வரி. பாம்பனில் ஒரு சோடாக் கடையில் நடந்த போட்டியில் மீனவர் ஒருவர் சோடா குடித்து இறந்தார் என்று போட்டிருந்தது. நிருபர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நடந்தால் எழுதுகிறேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் யாரும் சோடா குடிக்கவில்லை. வீட்டுக்காரர் மெஷினை அவிழ்த்துச் சாக்கில் கட்டி வைத்தார். மறுபடி கடலுக்குப் போக அவரை யாரும் வள்ளத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனார். அந்தப் பிளாட்பாரத்தில்தான் நின்றாக வேண்டும்.

செய்தி வந்த வாரமே இறந்தவரின் பெண்சாதி என்னைத் தேடி வந்தாள். என்னை அடிக்க வருகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவள் மடியிலிருந்து பேப்பர் துண்டை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுக்கா. அவுக பேரு எங்கன போட்டிருக்கு?"

எங்கேயும் இல்லை. மீனவர் ஒருவர் என்றுதான் இருந்தது. ஏதோ ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து, அவர் பேரையும் அவர் அய்யா பேரையும் சேர்த்து வாசித்தேன். அவள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, துண்டை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அதை எடுத்துக்கொண்டு வருவாள். நான் அதே இடத்தில் விரலை வைத்து, இல்லாத பேரை வாசிப்பேன். ஒரு தடவைகூட என்னைக் குற்றம் சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து மூன்றாம் வகுப்புக்கு வந்து, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய வருஷம், அவள் வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் கல்லறையில், கையெட்டும் தூரத்தில் மகளோடு நின்றாள். "தங்கச்சி" என்று கூப்பிட்டேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி முடித்து, என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.