சித்தப்பா நடந்த நடை

பட்டாளத்திலிருந்து விடுமுறையில் ராஜபாளையம் வந்த சித்தப்பா, லடாக்கில் உறைந்த ஏரியின் மேல் ஹாக்கி விளையாடியதாகச் சொன்னார். யார் நம்புவார்கள்? எங்கள் தெருவில் இருந்த ஒரே டிவியில்கூட அப்படி ஓர் ஆட்டத்தைக் காட்டியதில்லை. சறுக்கும்போது உள்தொடைச் சதை பிடித்துக்கொண்டதாம். காலை அகட்டி அகட்டி நடந்தார்.

“குண்டடி பட்டிருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கான்” என்றார் அப்பா. குடித்துவிட்டு விழுந்திருப்பார் என்பது அம்மாவின் சந்தேகம். ஒன்பது வயதுக்காரியான நான் இரண்டையும் சேர்த்துச் சந்தேகப்பட்டேன். மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. அது அப்பா பேசிய சம்பந்தம். பெண்ணின் போட்டோவைச் சித்தப்பா உறையிலிருந்து எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

“பொய் சொல்றீக சித்தப்பா. எங்க, செஞ்சு காட்டுங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கொல்லைப்புறச் சிமெண்டுத் தளத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். “ஏட்டி, காலைப் பின்னால தள்ளாத, பக்கவாட்டுல தள்ளு. முட்டியை மடக்கு. இன்னும் குனி.” இடுப்பு விரியக் கால் வெளியே போகும், போன காலைத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். “இன்னும் செத்த நேரம்” என்று சொல்லிச் சொல்லியே பொழுது சாயும்வரை விடவில்லை.

காலையில் எழுந்தால் என்னால் காலைச் சேர்த்து வைக்க முடியவில்லை. சித்தப்பா சொன்ன அதே உள்தொடையில் வலி. அப்படியென்றால் அவர் சொன்னது அத்தனையும் நிஜம்! சந்தோஷத்தில், பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தது தெரியாமல், “சித்தப்பா சொன்னது நெசந்தான்!” என்று கத்திக்கொண்டு அகட்டி அகட்டிக் கூடத்துக்கு ஓடினேன். எதிரே சித்தப்பாவும் அதே நடையில் வந்தார்.

பெண்ணின் அப்பா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம் மனைவியிடம், “இது அடிபட்ட காலு இல்ல. வம்சத்துலயே இருக்கு போல” என்றார். அப்பா பதறிப்போய்ப் பனிக்கட்டிக் கதையை எடுத்துவிட்டார். அதைக் கேட்டதும் அவர்களுடைய சந்தேகம் இரட்டிப்பானது. காப்பியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறப் போய்விட்டார்கள்.

சித்தப்பா கல்யாணத்தை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதேன். அவரோ அவர்கள் வைத்துவிட்டுப் போன பால்கோவாவை எனக்கு ஊட்டி, தானும் ரசித்துச் சாப்பிட்டார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அப்படிச் சறுக்கினால் மறுநாள் எனக்கு எங்கே வலிக்கும் என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் முந்தின நாளே தெரியும் என்பது, எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற எனக்கு அன்று தோன்றவே இல்லை.